ஐந்தாம் புத்தகமும் எட்டாம் தரத்து மகளும்

கேள்வி:

தலவாக்கலைக்கு அருகில் ஒரு தோட்டப் பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறேன். என் மகள் தரம் எட்டில் படிக்கிறாள். ஆங்கிலத்தில் நன்றாக வாசிப்பாள் என்பதால், கொழும்பில் வேலை செய்யும் என் தம்பி ஹரி பொட்டர் நூல்கள் ஏழையும் ஒரே கட்டாக வாங்கி அனுப்பியிருந்தான். ஏப்ரல் விடுமுறையில் முதல் நான்கையும் சோறு தண்ணீர் மறந்து வாசித்து முடித்தாள். ஐந்தாவதைத் தொட்டதிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. அதன் கடைசியில் ஹரியின் ஞானத்தந்தை இறந்துபோகிறாராம். அதை வாசித்த இரவு விம்மி விம்மி அழுதாள். "எழுதினவங்க மேல எனக்குக் கோபம்மா, இனி இவங்க புத்தகத்தைத் தொடவே மாட்டேன்" என்றாள். ஆனால் அதே புத்தகத்தைத்தான் திரும்பத் திரும்ப எடுத்து வாசிக்கிறாள். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறாள்.

அவளோடு சேர்ந்து இந்த நூல்களை வாசிக்கும் தோழிகளில் ஒருத்தி, "ஹரி சும்மா சும்மா கத்துறான்" என்று பாதியிலேயே வைத்துவிட்டாள். இன்னொருத்தி, ஏழிலும் இதுதான் சிறந்தது என்கிறாள். மற்றொருத்தி அதில் வரும் ஓர் ஆசிரியையைப் பற்றி மட்டுமே ஓயாமல் பேசுகிறாள். ஒரே புத்தகம் பிள்ளைகளை இப்படி நாலு விதமாக ஆட்டுவிக்குமா? இந்த மாயமந்திரக் கதைகளையெல்லாம் பெட்டியில் போட்டுப் பூட்டச் சொல்கிறார் என் கணவர். ஆறாவதையும் ஏழாவதையும் ஒளித்து வைத்துவிடட்டுமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மார்ச் மாதம் என் மாமனார் காலமானார். மகள் தாத்தாவின் செல்லம். தவணைப் பரீட்சை நேரம் என்பதால் அவளை ஹட்டனில் என் தங்கை வீட்டில் விட்டிருந்தோம். பிரேதம் எடுத்த பிறகுதான் அவளுக்குச் சொன்னோம். அவள் அப்போது அழவேயில்லை. தைரியமான பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஓர் ஆசிரியை, தலவாக்கலை

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புத்தகங்களை ஒளித்து வைக்க வேண்டாம். ஆறாவது நூலைச் சில மாதங்கள் தள்ளிப்போடுவது நல்லது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அதை அவளுக்குக் காரணம் சொல்லி, அவளுடைய சம்மதத்தோடு செய்யுங்கள். இந்தக் குறிப்பிட்ட நூலைப் பொறுத்தவரை இந்த வித்தியாசம் மிகவும் முக்கியமானது. பெரியவர்கள் ஒரு பிள்ளையின் மீது கொண்ட அன்பினால் அவனிடம் உண்மையை மறைத்து வைப்பதும், அதனால் அவனுக்கு நேரும் இழப்பும்தான் அந்த நூலின் கதையே. அதை வாசித்து அழுதுகொண்டிருக்கும் பிள்ளையிடமிருந்து அடுத்த நூலை மறைத்தால், கதையில் வரும் பெரியவர்கள் செய்ததையே நாமும் செய்தவர்களாவோம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது புரியாமல் போகாது.

பாடசாலைகளில் உளவளத்துணைப் பணியில் இருக்கும் நான் இந்த நூல்களை வாசித்திருக்கிறேன். வாசிக்காத பெற்றோரும் இந்தப் பக்கத்தைப் பார்ப்பார்கள் என்பதால், விளங்குவதற்குத் தேவையான அளவுக்கு மட்டும் கதையைச் சொல்லிக்கொண்டு போகிறேன்.

மந்திரப் பாடசாலை ஒன்றில் படிக்கும் ஹரி என்ற பையனைப் பற்றி ஜே. கே. ரோலிங் எழுதிய இந்த வரிசையின் ஐந்தாவது நூல் 2003 ஜூன் 21 அன்று வெளிவந்தது. 38 அத்தியாயங்கள் கொண்ட அதுதான் ஏழிலும் மிக நீளமானது. வெளிவந்த நாளிலிருந்தே அதைப் பற்றி வாசகர்கள் ஒருமுகப்பட்டுப் பேசியதில்லை. முன்னைய நூல்களின் குதூகலம் எங்கே போயிற்று என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஹரியின் கூச்சல் முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அச்சாகியிருப்பதைப் பார்த்துச் சலித்துப்போனவர்கள் இருந்தார்கள். இந்த நூலில்தான் ஹரி நிஜமான பையனாக ஆனான் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஆகவே உங்கள் மகளும் அவளுடைய தோழிகளும் நாலு விதமாகப் பேசுவதில் கவலைப்பட ஒன்றுமில்லை. உலகெங்கும் இந்த நூலை வாசித்தவர்கள் பேசியதைத்தான் அந்தப் பிள்ளைகளும் தங்கள் வட்டத்துக்குள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் அன்றைய வாசகர்களுக்குக் கிடைத்த ஒன்று உங்கள் மகளுக்குக் கிடைக்கவில்லை. முதல் நூல் 1997 இலும் ஏழாவது நூல் 2007 இலும் வந்தன. 1997 இல் 11 வயதில் தொடங்கிய ஒரு பிள்ளைக்கு ஐந்தாவது நூல் கைக்கு வரும்போது 17 வயது. கதையும் அவ்வாறே படிப்படியாக இருண்டுகொண்டு போவதற்காக எழுதப்பட்டது. முதல் நூலில் ஹரிக்கு 11 வயது, ஐந்தாவதில் 15. நான்காவது நூலின் இறுதியில் செட்ரிக் என்ற மாணவன் ஹரியின் கண்ணெதிரே கொல்லப்படுகிறான். அந்தச் சாவை மனதில் வாங்கி, பேசித் தீர்த்து, ஆறப்போட அன்றைய வாசகர்களுக்கு ஏறக்குறைய மூன்று வருடங்கள் இருந்தன. உங்கள் மகள் நான்காவதை மூடிய கையோடு ஐந்தாவதைத் திறந்திருப்பாள். பத்து வருடங்களில் வளரும் பிள்ளைகளுக்கென்று பிரித்துக் கொடுக்கப்பட்டதை அவள் ஒரே விடுமுறையில் முழுதாக வாங்கிக்கொண்டிருக்கிறாள். அடுத்த நூலைத் தள்ளிப்போடச் சொன்னதற்கு இதுவே முதற் காரணம். அவளிடமும் இதையே சொல்லலாம். ஆண்டுகளைத் தாளில் எழுதிக் காட்டினால் நியாயம் என்று ஒப்புக்கொள்வாள்.

பாதியில் வைத்துவிட்ட தோழி, ஹரி சும்மா சும்மா கத்துகிறான் என்று சொன்னாள் அல்லவா? அவன் கத்துவது உண்மை. ஆனால் நூலின் முதல் அத்தியாயத்திலேயே ரோலிங் அதற்கான காரணத்தைக் காட்டிவிடுகிறார். கோடை விடுமுறை, கடும் வெயில். அந்தப் பையன் பெரியம்மா வீட்டுச் சன்னலுக்குக் கீழே பூச்செடிகளுக்கு நடுவில் மல்லாந்து படுத்துக்கொண்டு, உள்ளே தொலைக்காட்சியில் வாசிக்கப்படும் செய்திக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். தான் கண்ட கொலைக்குப் பிறகு வெளியே என்ன நடக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை. நண்பர்களின் கடிதங்களில் விஷயம் ஒன்றும் இருப்பதில்லை. இரவில் கெட்ட கனவுகள். அவனுடைய உலகத்தின் பத்திரிகையோ அவனைப் பொய்யன் என்று எழுதுகிறது. ஒரு சாவைப் பார்த்துவிட்டு, அதைப் பற்றிப் பேச ஆளில்லாமல் தனித்துவிடப்பட்ட பிள்ளைகளிடம் நாங்கள் எதிர்பார்க்கும் அடையாளங்கள் எல்லாம் அவனிடம் இருக்கின்றன: தூக்கம் கெடுதல், திடீர்க் கோபம், நெருங்கியவர்கள் மீதே பாய்தல், யாருக்கும் தன்னைப் புரியவில்லை என்ற நினைப்பு. இந்த வயதில் துக்கம் பெரும்பாலும் கண்ணீராக வருவதில்லை. எரிச்சலாக வரும், வாய்க்கு வாய் பேச்சாக வரும், அறைக் கதவை அடித்துச் சாத்துவதாக வரும். அந்தத் தோழி நூலைத் தொடர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிடிக்காத நூலைப் பாதியில் வைக்கும் உரிமை எந்த வாசகருக்கும் உண்டு. ஆனால் உங்கள் மகள் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் நான் வாசித்தேன்.

ஆசிரியையைப் பற்றி மட்டுமே பேசும் தோழியிடம் ஒருமுறை தனியாகப் பேசிப் பாருங்கள். அந்தப் பாத்திரத்தின் பெயர் அம்பிரிட்ஜ். இளஞ்சிவப்பு உடையும், அறைச் சுவரெல்லாம் பூனைக்குட்டிகள் வரைந்த தட்டுகளும், இனிக்க இனிக்கப் பேச்சுமாக வருகிறவர். தான் உண்மை சொன்னதாகச் சாதிக்கும் ஹரிக்குத் தண்டனையாக, பொய் சொல்லக் கூடாது என்ற வரியைத் திரும்பத் திரும்ப எழுதச் சொல்லி ஒரு பேனாவைக் கொடுக்கிறார். அதற்கு மை தேவையில்லை. அவன் எழுத எழுத அதே வரி அவனுடைய புறங்கையில் கீறலாக விழுந்து, தாளில் இரத்தத்தால் பதிகிறது. ஹரி அதைப் பெரியவர்கள் யாரிடமும் முறையிடுவதில்லை. திகில் கதைகளால் உலகப் புகழ் பெற்ற ஸ்டீஃபன் கிங்கே இந்த நூலுக்கு எழுதிய மதிப்புரையில் அம்பிரிட்ஜைப் பெரிதும் வியந்து எழுதினார். வாசகர்கள் பலர், கதையின் தலைமை வில்லனான வொல்டமோர்ட்டைவிட அம்பிரிட்ஜையே அதிகம் வெறுத்தார்கள். வொல்டமோர்ட்டை யாரும் நேரில் பார்த்ததில்லை, அப்படி ஓர் அதிகாரியைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்தப் பிள்ளையும் வெறுமனே கதை ஆர்வத்தில் பேசக்கூடும். ஆனால் ஒரு பிள்ளை ஒரே காட்சியை விடாமல் பேசினால் அதை ஒரு முறையாவது கேட்டுப் பார்ப்பது எங்கள் தொழிலில் கடமை. நேரடியாக விசாரிக்க வேண்டாம். "அந்த ஹரி ஏன் ஒருத்தரிடமும் சொல்லாம இருந்தான், நீயா இருந்தா யாரிட்டச் சொல்லியிருப்பே?" என்று வேறு பேச்சின் நடுவே கேளுங்கள். பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை தடை செய்திருக்கிறது என்பது ஆசிரியையான உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஏதாவது தட்டுப்பட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

மாயமந்திரக் கதை என்று உங்கள் கணவர் அஞ்சுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. விக்கிரமாதித்தன் தோளில் வேதாளத்தைச் சுமந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம் நாமெல்லோரும்.

சாவும் இருட்டும் பிள்ளைகளுக்கு ஆகாது என்ற எண்ணத்துக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். நம்முடைய தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கிறது. காமன் பொட்டலில் கம்பம் நட்ட நாளிலிருந்து பிள்ளைகள் அங்கேதான் கிடக்கிறார்கள். தப்புச் சத்தம் ஏறி, வீரபத்திர வேடம் கூட்டத்துக்குள் பாய்ந்து வரும்போது சின்னஞ்சிறுசுகள் அலறிக்கொண்டு தாயின் முந்தானைக்குள் புகுந்துகொள்ளும். சிவனின் நெற்றிக்கண் மன்மதனை எரிக்கிறது. விடிய விடிய இரதி புலம்புகிறாள். அந்தப் புலம்பலைக் கேட்டு, தங்கள் வீட்டில் செத்தவர்களை நினைத்து அழாத பெண்கள் குறைவு. பொன்னர் சங்கர் கூத்தில் அண்ணன் தம்பி இருவருமே மாண்டுபோகிறார்கள். குழந்தைகள் கெட்டுப்போவார்கள் என்று இந்தக் கூத்துகளிலிருந்து யாரும் அவர்களைத் துரத்தியதில்லை. அங்கே பயந்த பிள்ளைக்கு முந்தானை இருக்கிறது. அழுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் அழுகிற பாட்டி இருக்கிறாள். அடுத்த நாள் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது இரவு பார்த்ததை எல்லோரும் பேசுகிறார்கள். உங்கள் மகள் வாசித்த நூலில் அந்தக் கூத்துகளில் இல்லாத இருட்டு எதுவும் இல்லை. ஆனால் அதை அவள் ஆங்கிலத்தில், தனியாக, இராத்திரியில், வீட்டில் வேறு யாரும் வாசித்திராத ஒரு நூலில் சந்தித்திருக்கிறாள். அவள் அழுதபோது எதற்கு அழுகிறாள் என்பது அறிந்த ஒருவரும் அந்த வீட்டில் இல்லை. நான் கவலைப்படுவது இந்தத் தனிமையைப் பற்றித்தான்.

மலையகப் பிள்ளைகளுக்குச் சாவு தெரியாத சங்கதியும் அல்ல. அந்த நூலில் தெஸ்ட்ரல் என்றொரு குதிரை வருகிறது. எலும்பும் தோலுமான கறுத்த உடல், பெரிய இறக்கைகள். பாடசாலை வண்டிகளை ஆண்டாண்டு காலமாக இழுப்பவை அவைதாம். ஆனால் ஒரு சாவை நேரில் பார்த்தவர்களின் கண்களுக்கு மட்டுமே அவை தெரியும். அதுவரை வண்டிகள் தாமாக ஓடுகின்றன என்று எண்ணியிருந்த ஹரி, செட்ரிக்கின் சாவுக்குப் பிறகு முதன்முறையாக அவற்றைக் கண்டு திகைக்கிறான். பக்கத்தில் நிற்கும் நண்பர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, காலையில் பாடசாலைக்குப் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் இருந்தார்கள். அந்தக் குதிரைகளைக் காணக்கூடிய பிள்ளைகள் எங்கள் வகுப்பறைகளில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்கு, தனக்குத் தெரிவது பக்கத்துப் பிள்ளைக்குத் தெரிவதில்லை என்பதை ஒரு கதை இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுப்பது பெரிய உபகாரம் என்றே நான் எண்ணுகிறேன்.

இனி, நீங்கள் கடைசியாக எழுதிய சங்கதிக்கு வருகிறேன். கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் மனதைத் தீர்மானமாகச் சொல்லிவிட முடியாது. இருந்தாலும், தாத்தாவின் சாவுக்கு அழாத பிள்ளை அடுத்த மாதமே ஒரு கதைப் பாத்திரத்தின் சாவுக்கு விம்மி அழுதிருக்கிறாள் என்றால், அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அந்த நூலில் ஹரியின் ஞானத்தந்தையான சிரியஸ் எப்படி இறக்கிறார் என்பதைக் கேளுங்கள். ஒரு பழைய கல் வளைவு. அதில் ஒரு கந்தல் திரை தொங்குகிறது. சண்டையின் நடுவில் அவர் சிரித்த முகத்தோடு அந்தத் திரைக்குப் பின்னால் சரிந்து விழுகிறார். அவ்வளவுதான். உடல் இல்லை. மறுபக்கமாக வந்துவிடுவார் என்று ஹரி கத்திக் கூப்பிடுகிறான், வரவில்லை. அந்த நூலில் அவருக்கு இறுதிச் சடங்கே கிடையாது. ஹரியினால் அதை நம்ப முடிவதில்லை. சிரியஸ் முன்பு கொடுத்திருந்த கண்ணாடியை எடுத்து, அதில் முகம் தெரியாதா என்று அவருடைய பெயரைச் சொல்லி அழைத்துப் பார்க்கிறான். பதில் வராததால் அதை உடைக்கிறான். பாடசாலையில் உலவும் ஆவியிடம் போய், செத்தவர்கள் திரும்பி வருவார்களா என்று விசாரிக்கிறான். தாத்தாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காத, ஒப்பாரிச் சத்தம் கேட்காத, வாய்க்கரிசி போடுவதைக் காணாத, எல்லாம் முடிந்த பிறகு சேதி மட்டும் கேட்ட ஒரு பிள்ளைக்கு இந்தப் பக்கங்கள் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவளுடைய தாத்தாவும் அப்படித்தானே போனார். ஹட்டனுக்கு அவளை அனுப்பும்போது இருந்தார், திரும்பி வந்தபோது இல்லை.

இதை உங்கள் மீது குற்றமாகச் சொல்கிறேன் என்று தயவுசெய்து எண்ணாதீர்கள். பரீட்சை நேரத்தில் பிள்ளைகளிடம் சாவுச் செய்தியை மறைக்காத குடும்பங்கள் நம் பகுதியில் மிகக் குறைவு. ஒரு பிள்ளை படித்து மேலே வர வேண்டும் என்பதற்காக எத்தனையோ பாடுபடும் மக்கள் நாம்; பரீட்சையைக் காக்க நினைத்ததில் வியப்பே இல்லை. ஆனால் அந்த நூலின் 37 ஆவது அத்தியாயத்தை நீங்கள் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆங்கிலம் சிரமம் என்றால் மகளையே வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். அதில் பாடசாலையின் அதிபரான டம்பிள்டோர் ஹரியின் எதிரே உட்கார்ந்து பேசுகிறார். ஹரி அவருடைய மேசைப் பொருட்களைத் தூக்கி எறிந்து உடைக்கிறான். அவர் தடுப்பதில்லை, அதட்டுவதில்லை. இவ்வளவு வலிப்பது மனிதனாக இருப்பதன் ஒரு பகுதி என்கிறார். பிறகு, நீ சின்னப் பிள்ளை, சந்தோஷமாக இருக்கட்டும் என்று எண்ணி உண்மையை உன்னிடம் சொல்லாமல் வருடத்துக்கு வருடம் தள்ளிப்போட்டேன், அது என் தவறு என்று அந்த வயதான மனிதர் ஒரு பதினைந்து வயதுப் பையனிடம் ஒப்புக்கொள்கிறார். உங்கள் மகள் திரும்பத் திரும்ப எடுத்து வாசிப்பது இந்த இடத்தை என்றால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். எந்தப் பக்கத்தை வாசிக்கிறாள் என்று கேளுங்கள். சிரியஸ் விழும் 35 ஆவது அத்தியாயமா, இதுவா, அல்லது கடைசியான 38 ஆவதா?

அந்தக் கடைசி அத்தியாயத்தில் லூனா என்ற பெண்ணை ஹரி தாழ்வாரத்தில் சந்திக்கிறான். மற்றப் பிள்ளைகள் அவளுடைய பொருட்களை ஒளித்து வைத்து விளையாடுவது வழக்கம். காணாமற் போனவற்றைத் திருப்பித் தரும்படி அவள் அறிவிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறாள். ஒன்பது வயதில் தாய் சாவதைக் கண்ணால் பார்த்த பெண் அவள். அந்தக் குதிரைகள் அவளுக்கும் தெரியும். அவளும் ஆறுதல் மொழி ஒன்றும் சொல்வதில்லை. இப்போதும் சில வேளை மிகவும் துக்கமாக இருக்கும் என்கிறாள், அம்மாவை மறுபடி பார்ப்பேன் என்கிறாள், போய்விடுகிறாள். அந்த நேரத்தில்தான் ஹரியின் வயிற்றில் கிடந்த பாரம் முதன்முதலாகக் கொஞ்சம் குறைகிறது. அத்தனை பெரியவர்கள் இருந்தும், தன்னைப் போலவே இழந்த ஒரு பிள்ளையிடம்தான் அவனால் பேச முடிந்தது என்று ரோலிங் எழுதியிருப்பது, துக்கத்தில் இருக்கும் பிள்ளைகளைக் கண்டு அறிந்தவர்களுக்குப் பொய்யாகத் தோன்றாது.

ஆகவே உங்கள் வீட்டில் நான் செய்யச் சொல்வது இதுதான். முதலில், "கதைதானே, இதுக்குப் போய் அழலாமா" என்ற வார்த்தை யார் வாயிலிருந்தும் வர வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை உட்கார வைத்து, அந்தக் கதையை முதலிலிருந்து உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சுருக்கச் சொல்லாதீர்கள், திருத்தாதீர்கள், பாடம் எடுக்காதீர்கள். அவளுடைய அப்பாவும் பக்கத்தில் இருந்தால் மிக நல்லது. பெட்டியில் பூட்டச் சொன்னவர், பூட்டச் சொன்னது என்னவென்று அப்போது அறிந்துகொள்வார். தனியாகக் கண்ட ஒன்றைத் தன் வீட்டுப் பேச்சில் எடுத்துச் சொல்லும்போதே அது பாதி அவளை விட்டு இறங்கிவிடும். கதையில் சிரியஸ் சாகும் இடம் வரும்போது தாத்தாவின் பேச்சை நீங்களாக எடுக்க வேண்டாம். அவளே எடுத்தால் விட்டுவிடாதீர்கள்.

அவள் எடுக்காவிட்டால், வேறொரு நாள் நீங்களே தொடங்குங்கள். பரீட்சைக்காக உன்னிடம் மறைத்தோம், உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். தாத்தாவின் கடைசி நாளை நடந்தது நடந்தபடி சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு, யார் பக்கத்தில் இருந்தார்கள், அவர் என்ன பேசினார், அவளைக் கேட்டாரா, யார் யார் வந்தார்கள், மழை பெய்ததா. பெரியவர்களுக்கு அற்பமாகத் தெரியும் இந்த விவரங்கள்தாம், அங்கே இல்லாத பிள்ளைக்கு வேண்டியவை. அடக்கம் செய்த இடத்துக்குக் கூட்டிப்போங்கள். ஒரு விளக்கோ கொஞ்சம் பூவோ அவள் கையால் வைக்கட்டும். அவள் அழுதாலும் சரி, உங்கள் மீது கோபப்பட்டாலும் சரி, டம்பிள்டோர் இருந்ததுபோல் எதிரே இருங்கள்.

எழுதியவர் மீது அவளுக்குள்ள கோபத்தைத் தணிக்க முயல வேண்டாம். நீங்கள் தமிழ் ஆசிரியை. பொன்னியின் செல்வனின் முடிவில் மணிமேகலைக்காக வருந்தியிருப்பீர்கள். 1950 முதல் 1954 வரை அது கல்கி இதழில் தொடராக வந்து முடிந்தபோது, முடிவில் நிறைவு கொள்ளாத வாசகர்களின் கேள்விகளுக்குக் கல்கி நூலின் முடிவுரையிலேயே பதில் எழுத வேண்டியிருந்தது. கதாசிரியரிடம் கணக்குக் கேட்பது நல்ல வாசகரின் அடையாளம். மகளும் ரோலிங்குக்கு ஒரு கடிதம் எழுதட்டும், அனுப்புவதும் அனுப்பாததும் அவள் விருப்பம். அந்தச் சாவை எழுதி முடித்ததும் தானும் அழுதுகொண்டே சமையலறைக்குப் போனதாக ரோலிங் 2003 இல் ஒரு நேர்காணலில் சொல்லியிருக்கிறார் என்பதையும் அவளிடம் சொல்லுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, பாடசாலைக்குப் போக மறுப்பது, தோழிகளை ஒதுக்குவது போன்றவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், தானும் போய்விட வேண்டும் என்ற தொனியில் ஒரு வார்த்தை வந்தாலும், காத்திருக்காதீர்கள். நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகலாம். தேசிய உளநல உதவி இலக்கமான 1926 ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். ஒரு கதையை வாசித்து அழுத பிள்ளைக்கு இதெல்லாம் வேண்டியிருக்காது என்றுதான் நம்புகிறேன்.

நீங்கள் பாடசாலையில் இருப்பதால் ஒரு வேண்டுகோள். ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்குப் பேச்சுப் போட்டியும் கட்டுரைப் போட்டியும் வழக்கம்போல் நடக்கட்டும். அதோடு, தங்களை அழவைத்த அல்லது கோபப்படுத்திய ஒரு கதையைப் பற்றிப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பேச ஒரு பாடவேளையை ஒதுக்குங்கள். புள்ளி வேண்டாம், பரிசு வேண்டாம். ஆங்கில நூல் வாசித்த பிள்ளையும், தாத்தா சொன்ன பொன்னர் சங்கர் கதையை மட்டுமே அறிந்த பிள்ளையும் அங்கே சமமாகப் பேசலாம்.

ஆறாவது நூலைத் திசெம்பர் விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஒரு பெரிய இழப்பு வருகிறது. யார் என்று சொல்லாமல், அப்படி ஒன்று வருகிறது, முன்கூட்டியே தெரிந்துகொள்ள விருப்பமா என்று அவளிடம் கேளுங்கள்; தீர்மானம் அவளுடையதாக இருக்கட்டும். ஐந்தாவதில் இல்லாதது அந்த நூலில் இருக்கிறது: அதன் 30 ஆவதும் கடைசியுமான அத்தியாயத்தில் ஊரே கூடி நிற்க ஓர் இறுதிச் சடங்கு முறைப்படி நடக்கிறது. அவள் அந்த அத்தியாயத்துக்கு வரும் நாளில் நீங்கள் வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஏழாவதைப் பற்றி அதற்குப் பிறகு எனக்கு எழுதுங்கள். முடிந்தால் மகளையும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.